கொடைக்கானலில் மாண்டிசோரி: ஆட்டிசம் பிள்ளைகளோடு அவருக்கு என்ன தொடர்பு?

பாலர் பள்ளிப் பெயர்ப்பலகைகளில் ‘மாண்டிசோரி’ என்ற சொல்லைப் பார்த்திருப்பீங்க. அது ஓர் இத்தாலிய டாக்டரின் பெயர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தமிழ்நாட்டில் வாழ்ந்தவர் அவர்.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 அன்று கியாரவாலேயில் பிறந்தார். 1896-இல் ரோமில் மருத்துவப் பட்டம் பெற்றார். அங்கிருந்த மனநல விடுதியில், மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளை வெற்று அறைகளில் அடைத்து வைத்திருந்தார்கள். சாப்பிட்ட பிறகு தரையில் கிடக்கும் ரொட்டித் துணுக்குகளை அவர்கள் பொறுக்கி விளையாடுவதை, காவல் பெண் அசிங்கமாக நினைத்தாராம். மாண்டிசோரி கண்டது வேறு: கையில் பிடித்துப் பார்க்க ஒரு பொருள்கூட இல்லாத பிள்ளைகள்.

1900-இல் அத்தகைய பிள்ளைகளுக்கான ரோம் பள்ளி ஒன்றுக்கு அவர் இணை இயக்குநரானார். இட்டார், செகன் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்களின் வழியில், தொட்டுப் பழகும் பொருள்களைச் செய்தார். அங்கே படித்த சிலர் பொதுத் தேர்விலும் தேறினார்கள். 1907 ஜனவரி 6-இல் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் அவர் திறந்த ‘குழந்தைகள் இல்லம்’ உலகப் புகழ் பெற்றது. அதன் வேர் அந்த ஒதுக்கப்பட்ட பிள்ளைகள்தான். இன்றைய விலையுயர்ந்த மாண்டிசோரி பள்ளிகள் இதை அதிகம் பேசுவதில்லை.

1939-இல் ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தார். அவர் இத்தாலியத்தில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோவைக் காவலில் வைத்தார்கள்; அம்மாவின் 70-ஆவது பிறந்தநாளில் விடுவித்தார்கள். பிறகு சில ஆண்டுகள் கொடைக்கானல் மலையில் கழிந்தன. அங்கே சின்ன வயதுப் பிள்ளைகளை நாள் முழுக்கக் கவனித்துப் பார்த்தார்.

அதே 1943-இல்தான் அமெரிக்காவில் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதி, ஆட்டிசத்தைத் தனி நிலையாக விவரித்தார். ஆகவே மாண்டிசோரி ஆட்டிசத்துக்கு மருந்து கண்டார் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீங்க. மனம்போல் தேர்ந்தெடுக்கச் சொல்வது சில ஆட்டிசம் பிள்ளைகளைத் திணறவும் வைக்கும்.

1952 மே 6 அன்று அவர் நெதர்லாந்தில் காலமானார்.

கேமரன் மலைக்கு இது எப்படிப் பொருந்தும்? 1929-இல் தொடங்கிய போ தோட்டம் உட்பட, இங்கே கொழுந்து பறிப்பவர்களில் இப்போது வெளிநாட்டவரே அதிகம். ஆனாலும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் பெரட்டுக்கு முன்னால், இருட்டோடு பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விடுவார்கள். அங்கே பேசாத, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை ‘பிடிவாதக்காரன்’ ஆகிவிடுவான். இன்றைய தாஸ்காவில் செலவில்லாமல் செய்யக்கூடியவை உண்டு: தினமும் மாறாத வரிசை, அடுத்து என்ன என்று காட்டும் படம், சத்தம் குறைந்த ஒரு மூலை, ஒரே நேரத்தில் ஒரே பொருள். சந்தேகம் இருந்தால் ‘வளர்ந்தா சரியாயிடும்’னு காத்திருக்க வேண்டாம். அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் 18 மாதத்திலும் 3 வயதிலும் கேட்கப்படும் எம்-சாட் கேள்விகளுக்கு, ஆயா பார்த்ததையும் சேர்த்துப் பதில் சொல்லுங்க.