கொல்லர் மகன் செய்த பந்தய வண்டி

குஜிலியம்பாறையிலிருந்து கரூருக்குப் போகும் சாலையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், ஹோண்டா என்று பெயர் எழுதிய வண்டி ஒன்றாவது கடந்து போகும். அது ஒரு ஜப்பானியக் கம்பெனியின் பெயர் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அது ஒரு மனிதரின் பெயர் என்பதும், அவர் கிராமத்துக் கொல்லர் ஒருவரின் மகன் என்பதும் பலருக்குத் தெரியாது.

சொய்சிரோ ஹோண்டா 1906-ம் வருஷம் நவம்பர் 17-ந் தேதி ஹமமாட்சு நகருக்குப் பக்கத்தில் கோமியோ என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் கொல்லுப் பட்டறை நடத்தினார். பிறகு சைக்கிள் பழுதுபார்த்தார். ஊருக்கு முதல் தடவையாக மோட்டார் கார் வந்தபோது சிறுவன் ஹோண்டா அதன் பின்னாலேயே ஓடினான். படிப்பு ஏறவில்லை. 15 வயதில் டோக்கியோவுக்குப் போய் மோட்டார் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். முதலில் கிடைத்த வேலை முதலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வது!

வேலை கற்றபின் சொந்தப் பட்டறை வைத்தார். 1936-ல் கார்ப் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி உயிர் தப்பினார். யுத்த காலத்தில் பிஸ்டன் ரிங் செய்த தொழிற்சாலை குண்டுவீச்சிலும் பூகம்பத்திலும் அழிந்தது. 1946-ல் ராணுவத்தின் பழைய சிறு இஞ்சின்களைச் சைக்கிளில் பொருத்தி விற்கத் தொடங்கினார். 1948-ல் கம்பெனி பிறந்தது. பணவிவகாரம் முழுவதையும் கூட்டாளி புஜிசாவா கவனித்துக்கொண்டார். அவர் மட்டும் இல்லாவிட்டால் ஹோண்டாவின் கதை ஒரு நல்ல மெக்கானிக்கின் கதையாகவே முடிந்திருக்கும்.

1954-ல் கம்பெனி பெரும் பண நெருக்கடியில் இருந்தது. அந்தச் சமயத்தில், மார்ச் 20-ந் தேதி, ஹோண்டா ஓர் அறிக்கை விட்டார். ஐல் ஆப் மான் பந்தயத்தில் நம் வண்டி ஓடப்போகிறது, ஜெயிக்கவும் போகிறது என்றார்!

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் கிடக்கும் சிறு தீவு அது. பந்தயத்துக்கென்று தனித் தடம் கிடையாது. ஊர்ச் சாலையையே அடைத்து, வீட்டுச் சுவருக்கும் கல் மதிலுக்கும் இடையில் விடுவார்கள். 1976 வரை அது உலக சாம்பியன் பட்டத்துக்கான பந்தயங்களில் ஒன்றாக இருந்தது; அந்தக் காலத்தில் அவற்றில் அதற்குத்தான் மதிப்பு அதிகம்.

அந்த ஜூன் மாதமே ஹோண்டா நேரில் போய்ப் பார்த்தார். ஜெர்மனியின் என்.எஸ்.யு. வண்டிகள் பறந்தன. அதே அளவுள்ள தம்முடைய இஞ்சினைவிட அவற்றுக்கு மூன்று மடங்கு சக்தி இருப்பதை அறிந்து திகைத்துப் போனார். ஆனாலும் சொன்ன சொல்லை விடவில்லை. ஐரோப்பாவில் டயர், செயின், கார்புரேட்டர் என்று வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

ஐந்து வருஷம் ஓடியது. 1959-ல் ஹோண்டா வண்டிகள் தீவில் இறங்கின. 125 சி.சி. பந்தயத்தில் தானிகுச்சி ஆறாவதாக வந்தார். ஆறாமிடம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். ஏழாவதும் எட்டாவதும் ஹோண்டாவே! கம்பெனிகளுக்கான குழுப் பரிசும் கிடைத்தது.

1961-ம் வருஷப் பந்தயங்கள்தான் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தன. ஏப்ரலில் ஸ்பெயினில் ஆஸ்திரேலிய வீரர் டாம் பிலிஸ் ஹோண்டாவுக்கு முதல் வெற்றி தேடித்தந்தார். அடுத்து ஜெர்மனியில் தகஹாஷி ஜெயித்தார். உலகப் பட்டப் பந்தயம் ஒன்றில் ஜப்பானியர் வென்றது அதுவே முதல் தடவை. ஜூனில் ஐல் ஆப் மான். 21 வயது மைக் ஹெயில்வுட் 125 சி.சி., 250 சி.சி. இரண்டிலும் முதலாவதாக வந்தார். இரண்டிலும் முதல் ஐந்து இடங்கள் ஹோண்டாவுக்கே!

125 சி.சி. பட்டத்துக்குக் கடைசிவரை போட்டி. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். வண்டியில் எர்ன்ஸ்ட் டெக்னர் முன்னணியில் இருந்தார். செப்டம்பரில் ஸ்வீடனில் அவருடைய இஞ்சின் பழுதானது. அதோடு அவர் தம் நாட்டுக்குத் திரும்பாமல் மேற்கு நாடுகளிடம் அடைக்கலம் புகுந்தார். அர்ஜென்டினாவில் நடந்த கடைசிப் பந்தயத்தில் பிலிஸ் ஜெயித்துப் பட்டம் பெற்றார். 250 சி.சி. பட்டம் ஹெயில்வுட்டுக்கு.

இந்தப் புகழுக்கு விலை இருந்தது. 1960-லேயே ஜெர்மனியில் பயிற்சி ஓட்டத்தில் ஹோண்டா வண்டி ஓட்டிய பாப் பிரவுன் மாண்டார். பட்டம் வென்ற எட்டே மாதத்தில், 1962 ஜூனில், அதே தீவில் டாம் பிலிஸ் பலியானார். தகஹாஷியும் அந்த வருஷம் அங்கே படுகாயமடைந்தார். சபதத்தைச் செய்தவர் ஒருவர். சாலையில் உயிரைப் பணயம் வைத்தவர்கள் வேறு சிலர். ஹோண்டாவின் பெருமையைச் சொல்லும்போது பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

1966-ல் 50 சி.சி. முதல் 500 சி.சி. வரை ஐந்து பிரிவுகளிலும் தயாரிப்பாளர் பட்டம் ஹோண்டாவுக்கே கிடைத்தது. 1967-ம் வருஷப் பந்தயங்களோடு கம்பெனி விலகிக்கொண்டு, 1979-ல்தான் மீண்டும் களத்தில் இறங்கியது.

1973-ல் ஹோண்டாவும் புஜிசாவாவும் ஒன்றாகவே ஓய்வு பெற்றார்கள். பிறகு ஹோண்டா ஜப்பான் முழுவதும் சுற்றி, கம்பெனியின் ஒவ்வொரு கிளையிலும் தொழிலாளர்களின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

1991 ஆகஸ்ட் 5-ந் தேதி, 84-ம் வயதில் காலமானார். கம்பெனி சார்பில் பெரிய இறுதிச் சடங்கு வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். கூட்டம் கூடினால் சாலையில் வண்டிகள் நின்றுவிடுமாம்.