சேற்றுக் குமிழியில் எரிவாயு கண்ட வோல்ற்றா

மாணவர்களே, வோல்ற்றா என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது மின்கலம். உயிர்வாயுவின் முதன்மைக் கூறான மெதேனை இனங்கண்டவரும் அவரே என்பதைப் பலர் அறியார். கண்டியில் குப்பையை என்ன செய்வது என்ற கேள்விக்கும் இதற்கும் தொடர்புண்டு. எனவே புள்ளிக்காக மட்டுமன்றி விளங்கிக்கொள்வதற்காகவும் இதனை வாசியுங்கள்.

அலெசாந்திரோ வோல்ற்றா 1745 பெப்ரவரி 18 ஆம் திகதி வட இத்தாலியின் கோமோ நகரில் பிறந்தார். நான்கு வயது வரை அவர் பேசவில்லை என்பர். ஏழு வயதளவில் தந்தையை இழந்தார். குடும்பத்தார் அவர் சட்டம் கற்கவேண்டும் என விரும்பினர். அவரோ மின்னியலிலே மனத்தைச் செலுத்தினார்.

1776 இல் காம்பி என்ற குருவானவர் ஓர் ஊற்றிலிருந்து எரியும் வாயு வெளிவருவதைக் கண்டு வோல்ற்றாவிடம் தெரிவித்தார். அவ்வாண்டு நவம்பரில் வோல்ற்றா மஜோரே ஏரிக்குச் சென்றார். கரையோரச் சேற்றைத் தடியால் கிளறினார். மேலெழுந்த குமிழிகளை, நீர் நிரப்பிக் கவிழ்த்த பாத்திரத்தில் சேகரித்தார். தீ காட்டியபோது அது நீலச்சுவாலையுடன் மெதுவாக எரிந்தது. உலோகத்தில் அமிலமிட்டுப் பெறும் ஐதரசனைப் போல அது சட்டென்று எரியவில்லை. முற்றாக எரிய அதைவிடக் கூடுதலான வளியும் தேவைப்பட்டது. ஆகவே இது வேறொரு வாயு என அவர் முடிவு செய்தார். அழுகும் தாவர, விலங்குப் பொருள்களிலிருந்தே இது உண்டாகிறது என்றும் சரியாகவே ஊகித்தார். மெதேன் என்ற பெயர் பின்னாளில் வந்ததாகும்.

1778 இல் பாவியா பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1800 இல் நாகம், வெள்ளித் தகடுகளுக்கிடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து மின்னடுக்கை உருவாக்கினார். மறுஆண்டு நெப்போலியன் முன்னிலையில் அதனைச் செய்து காட்டினார். 1827 மார்ச் 5 ஆம் திகதி கோமோவிலே காலமானார். வோல்ற்று என்னும் அலகு அவர் பெயரால் அமைந்தது.

சேற்றிலே வாயுவை ஆக்குவது எது என்பதை அவரால் அறிய முடியவில்லை. அது நுண்ணங்கிகளின் வேலை. ஒட்சிசன் இல்லாத இடத்தில் பற்றீரியாக்கள் சேதனப் பொருளைச் சிதைத்து அசற்றிக் அமிலம், ஐதரசன், காபனீரொட்சைட்டு ஆகியவற்றைத் தருகின்றன. பின்பு மெதேனாக்கி நுண்ணங்கிகள் இவற்றை மெதேனாக்குகின்றன. அவற்றுள் ஒரு வகையின் தாக்கம் இது:

காபனீரொட்சைட்டு + ஐதரசன் → மெதேன் + நீர்

காபனீரொட்சைட்டு முழுவதும் மெதேனாகிவிடும் என்று விடை எழுதிவிடாதீர்கள். மெதேனின் பெரும்பகுதி அசற்றிக் அமிலத்திலிருந்தே வருவது வழக்கம். உயிர்வாயுவில் மெதேன் ஏறத்தாழ 50 முதல் 70 சதவீதம். மீதியிற் பெரும்பகுதி காபனீரொட்சைட்டே.

பேராதனைப் பக்கம் நீர் நிறைந்த வயற்சேற்றில் கால் வைத்துப் பாருங்கள், குமிழிகள் எழும். கண்டி மாநகரக் குப்பை நெடுங்காலமாகக் கொட்டப்பட்டு வந்த, மகாவலிக் கரையை அண்டிய கொஹாகொடவிலும் குவியலின் அடியில் ஒட்சிசன் இல்லை. அங்கும் இதே தாக்கம்தான். திறந்த குவியலிலிருந்து வெளியேறும் மெதேன் வளிமண்டலத்தைச் சேர்கிறது. 100 ஆண்டுக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமேற்ற வல்லது. அதே மரக்கறிக் கழிவையும் சாணத்தையும் நீருடன் கலந்து மூடிய தொட்டியிலிட்டால் வாயு குழாய்வழியே அடுப்புக்கு வரும். எரியும்போது காபனீரொட்சைட்டு வெளிவரும் என்பது உண்மை. ஆனால் அந்தக் காபன் அண்மையில் தாவரங்கள் வளியிலிருந்து எடுத்ததே. புல் மீண்டும் வளரும், மாடு மீண்டும் மேயும். இதனாலேயே இதனைப் புதுப்பிக்கத்தக்க சக்தி என்கிறோம். தொட்டியில் எஞ்சும் கூழில் நைதரசன் இருப்பதால் அது வயலுக்கும் தோட்டத்துக்கும் பசளையாகும்.