எல்லிஸ் தீவின் மொழிபெயர்ப்பாளர்

நியூயார்க்கில் ஒரு விமான நிலையத்திற்கு லா கார்டியா என்று பெயர். 1934 முதல் 1945 வரை அந்நகரின் மேயராக இருந்தவர் அவர். ஆனால் அவரை நினைவுகூர அதற்கும் முந்தைய ஒரு வேலையே போதும்.

ஃபியொரெல்லோ லா கார்டியா 1882 இல் பிறந்தார். தந்தை இத்தாலியர், தாய் ட்ரியெஸ்ட் நகரத்து யூதப் பெண். 1907 முதல் 1910 வரை எல்லிஸ் தீவில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியபடியே இரவில் சட்டம் படித்தார். கப்பலில் வந்திறங்கிய ஏழைகளின் நிலையை அங்கே கண்ணாரக் கண்டார். வேலை தயாராக இருக்கிறது என்று சொன்னால், ஒப்பந்தக் கூலி என்று திருப்பி அனுப்பலாம். வேலையில்லை என்றாலோ, பிறருக்குப் பாரமாவாய் என்று திருப்பி அனுப்பலாம்.

மணமகனை நம்பித் தனியே கடல் கடந்து வந்த பெண்கள் சிலர், திருமணம் முடிந்தால்தான் நாட்டுக்குள் செல்லலாம். அவர்களை அவர் நகர மன்றத்துக்கு அழைத்துச் செல்வார். மணம் முடித்துவைக்கும் மன்ற உறுப்பினர்களோ குடித்துவிட்டு, திருமண வாசகங்களுக்கு நடுவே கொச்சையான கேலிகளைச் சேர்த்துப் படிப்பார்களாம். சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள். மணப்பெண்ணுக்கு மொழி தெரியாது. அருகில் நின்ற இவருக்குத் தெரியும். இதைத் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

1920 இல் அதே மன்றத்துக்குத் தலைவரானார். அவர் மேயராக இருந்தபோது, 1938 இல் அம்மன்றம் ஒழிக்கப்பட்டுப் புதிய நகரவை வந்தது. குறையும் உண்டு. தெருவில் தள்ளுவண்டி வைத்துப் பிழைத்த குடியேறிகளை மூடிய சந்தைகளுக்கு மாற்றினார். உள்ளே எல்லாருக்கும் இடம் கிடைக்கவில்லை.

அவருடைய அக்கா ஜெம்மா ஹங்கேரிய யூதரை மணந்ததால் அமெரிக்கக் குடியுரிமையை இழந்தவர். நாஸிகளின் ராவன்ஸ்ப்ரூக் முகாமில் அடைபட்டார். கணவர் மௌத்ஹௌசன் முகாமில் மாண்டார். 1945 இல் மகளோடும் பேரக் குழந்தையோடும் பெர்லினில் நாடற்றவராக நின்றார். ஆயிரக்கணக்கானோர் அப்படிக் காத்திருக்க, தம் அக்காவுக்கு மட்டும் சலுகை கேட்கத் தம்பி மறுத்துவிட்டார். நேர்மைதான், ஆனாலும் நமக்கு மனம் வலிக்கிறது. 1947 இல் ஜெம்மா நியூயார்க் வந்து சேர்ந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் லா கார்டியா இறந்தார்.

குடியேறும் உரிமையைத் தருவது நடுவண் அரசு. நகராட்சிக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆனால் தன் வாசலுக்கு வருகிறவரை எப்படி நடத்துவது என்பது நகராட்சியின் கையில் இருக்கிறது. 1989 இல் நியூயார்க் மேயர் எட் காச் ஓர் ஆணை பிறப்பித்தார். மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ காவல் நிலையத்துக்கோ உதவி தேடி வருகிறவர் ஆவணமற்றவர் என்பதை, குற்றச் சந்தேகம் போன்ற சில காரணங்களுக்காக அன்றி, நகர ஊழியர்கள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்கக் கூடாது என்றது அது.