ஸ்பென்சர் டிரேசி

பாதிரியார் வேடம் என்றதும் நம் நினைவுக்கு வரும் ஹாலிவுட் நடிகர் ஸ்பென்சர் டிரேசி. 1900-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பிறந்து, கத்தோலிக்கராக வளர்ந்தவர். 'பாய்ஸ் டவுன்' (1938) படத்தில், ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் அமைத்த அருட்தந்தை பிளானகனாகவே வாழ்ந்து காட்டினார். அதற்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. ஆயினும், செருக்குமிக்க செல்வச் சிறுவனைத் திருத்தும் மீனவராக அவர் வரும் 'கேப்டன்ஸ் கரேஜியஸ்' (1937) படமே நமக்கு அதனினும் மேலாகப் படுகிறது. அதற்கும் ஆஸ்கார் கிடைத்தது.

வீட்டில் நிலைமை வேறு. மகன் ஜானுக்குப் பிறவியிலேயே காது கேளாது. தாய் லூயிஸ் நாடக மேடையைத் துறந்து, உதட்டசைவைப் பார்த்துப் பேச்சை அறிய மகனுக்குப் பொறுமையாகக் கற்பித்தார். 1942-இல் லாஸ் ஏஞ்சல்ஸில், காது கேளாத குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் மகன் பெயரிலேயே நிலையம் தொடங்கினார். டிரேசி பொருளுதவி செய்தார். ஆனால் குடிப்பழக்கம் அவரை வாட்டியது. மனைவியைப் பிரிந்தே வாழ்ந்தார். இதை நாம் மறைப்பதற்கில்லை.

கறுப்பின மருத்துவரை மணக்க விரும்பும் வெள்ளைப் பெண்ணின் தந்தையாக, நோயுற்ற உடலுடன் 1967-இல் கடைசியாக நடித்தார். அவர் பங்கு முடிந்த 17-ஆம் நாள், ஜூன் 10 அன்று, காலமானார்.