பதவியைத் துறந்த நீதியரசர்

கோல சிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை தோட்டப்புறங்களில் கடை வைத்துப் பிழைத்த நம் முன்னோரில் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்கள். அந்தக் கரையோரத்து நாகூரில் 1921ஆம் ஆண்டு பிறந்தவர் மர்ஹூம் நீதியரசர் மு. மு. இஸ்மாயில். நம் சங்கத்தின் பொன்விழா மலரில் அன்னாரை நினைவுகூர்வதற்கு ஊர்ப்பாசம் மட்டும் காரணமன்று.

வழக்கறிஞராக இருந்து 1967இல் நீதிபதியான அவர், 1979 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். மார்க்கப் பற்றுள்ள முஸ்லிமான அவரே சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராகவும் விளங்கினார். வாலி இராமனிடம் நியாயம் கேட்பதைப் பற்றி 'மூன்று வினாக்கள்' என்று ஒரு நூலே எழுதினார். ஆள்பவனும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு ஏட்டோடு நின்றுவிடவில்லை.

இந்தியாவில் நெருக்கடி நிலை நடந்த 1976இல், விசாரணையின்றிச் சென்னை மத்தியச் சிறையில் அடைக்கப்பட்ட அரசியல் கைதிகள் கொடுமைப்படுத்தப்பட்டனர். அதுபற்றி விசாரிக்க 1977இல் அமைக்கப்பட்ட ஆணையத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. கைதிகள் அடிக்கப்பட்டது உண்மையே என்று அவருடைய அறிக்கை பதிவு செய்தது. சிறைச் சுவருக்குள் நடந்தது அரசாங்க ஏட்டிலேயே ஏறியது.

1981 ஜனவரியில் மத்திய அரசு அவரைக் கேரளத்துக்கு மாற்றி ஆணையிட்டது. தலைமை நீதிபதிகள் வெளி மாநிலத்தவராக இருக்க வேண்டும் என்பது அரசு சொன்ன கொள்கை. அன்னார் கேரளத்தில் பொறுப்பேற்கவில்லை. ஓய்வு பெற ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருந்தும், அந்த ஜூலையில் பதவியைத் துறந்தார்.

ஓர் இடமாற்றத்துக்கா இவ்வளவு என்று இளையோர் கேட்கலாம். தோட்டத்து வாழ்க்கையை அறிந்த நம் பெரியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கணக்கை நேர்மையாக எழுதும் கிராணியைத் துரை நினைத்தபோதெல்லாம் வேறு தோட்டத்துக்கு மாற்றலாம் என்றால், அடுத்து வரும் கிராணியின் பேனா எப்படி ஓடும்? நீதிபதியை மாற்றும் அதிகாரம் ஆட்சியாளர் கையில் மட்டும் இருந்தால் தீர்ப்பின் கதியும் அதுதான். 1988இல் நம் நாட்டின் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் பதவி நீக்கப்பட்டதைக் கண்ட நமக்கு இந்தக் கவலை அந்நியமானதன்று.

அன்னாரோடு மாற்றப்பட்ட பாட்னா தலைமை நீதிபதியின் இடமாற்றம் செல்லும் என்று 1981 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று அரசே வென்றது. ஆனால் 1993இல் அதே நீதிமன்றம், நீதிபதிகளின் நியமனத்திலும் மாற்றத்திலும் இந்தியத் தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதலிடம் என்று கூறியது. 2005இல் மறைந்த அன்னார் அந்தத் திருப்பத்தையும் கண்டுவிட்டே கண்மூடினார்.

நம் பிள்ளைகளில் சட்டம் படிப்பவர்கள் உண்டு. அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர்களும் உண்டு. நாற்காலியில் அமரும் தகுதியோடு, தேவைப்பட்டால் அதை விட்டு எழும் துணிவையும் அவர்கள் அன்னாரிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே நம் விருப்பம். வல்ல அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து மேலான சுவனத்தை வழங்குவானாக. ஆமீன்.