கடற்குதிரைக்காகக் கண் விழித்தவர்

விலங்கியல் துறைக் காட்சியகத்தில் கண்ணாடிப் புட்டிக்குள் நிற்கும் கடற்குதிரையை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். ஃபார்மலினில் ஊறி, நிறம் வெளுத்து, வால் சுருண்டு கிடக்கும் அது. செய்முறைத் தேர்வன்று அதை ஸ்பாட்டராக வைப்பார்கள். பெயரையும் இரண்டு குறிப்புகளையும் எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அடுத்த புட்டிக்கு நகர்ந்துவிடுவோம். அந்தச் சிற்றுயிர் உயிரோடு எப்படி நீந்தும், எப்படிக் குஞ்சு ஈனும் என்று எண்ணிப் பார்க்க நமக்கு நேரம் இருப்பதில்லை.

அதைக் காண்பதற்காகவே கடலில் இறங்கிப் பல இரவுகள் கண் விழித்த ஒருவர் இருந்தார். அவர்தான் பிரான்சு நாட்டின் ழான் பென்லவே.

தந்தையின் நிழலும் தனி வழியும்

1902-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் பாரிஸ் நகரில் பென்லவே பிறந்தார். தந்தை பால் பென்லவே புகழ்பெற்ற கணித மேதை. 1917-லும் 1925-லும் பிரான்சின் பிரதமராகப் பதவி வகித்தவர். பிறந்த சில காலத்திலேயே தாயை இழந்த குழந்தையை அத்தை வளர்த்தார்.

கணிதமேதையின் மகன் கணிதத்தில்தானே சிறப்பான் என்று ஊரார் எதிர்பார்த்திருப்பர். மகனோ கணிதத்தைத் தொடங்கி விட்டுவிட்டார். மருத்துவம் பயின்று அதையும் விட்டார். இறுதியில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் உயிரியலுக்கு வந்து சேர்ந்தார். பிரிட்டனி கடற்கரையில் உள்ள ரோஸ்காஃப் ஆய்வு நிலையத்திற்குப் பயிலச் சென்றபோது கடல் அவரைப் பற்றிக்கொண்டது. வாழ்நாள் முழுவதும் அவருடைய பணியில் தோள்கொடுத்த ழெனவியேவ் ஆமோன் அம்மையாரின் நட்பும் அக்காலத்தில்தான் கிடைத்தது.

அவையில் எழுந்த சினம்

ஸ்டிக்கிள்பேக் என்னும் சிறுமீனின் முட்டை, கருவுற்றது முதல் குஞ்சு வெளிவரும் வரை அடையும் மாறுதல்களைப் பென்லவே படமாக்கினார். 1928-ல் அப்படம் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் அறிஞர்கள் முன்னிலையில் திரையிடப்பட்டது. பாராட்டை எதிர்பார்த்திருந்த இளைஞருக்குக் கிடைத்தது எதிர்ப்பு. சினிமா என்பது வேடிக்கைப் பொருள், அதற்கும் விஞ்ஞானத்திற்கும் என்ன உறவு என்று சினந்தவரும் அவையில் இருந்தார்.

இன்னொருவராக இருந்தால் படக்கருவியைப் பெட்டியில் பூட்டியிருப்பார். பென்லவே சோர்ந்துவிடவில்லை. 1930-ல் விஞ்ஞானப் படங்களுக்கென்றே ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். ஆய்வாளருக்கு ஒன்று, கல்லூரி மாணவருக்கு ஒன்று, பொதுமக்களுக்கு ஒன்று என ஒரே பொருளைப் பற்றி வெவ்வேறு வடிவங்களில் படம் தயாரித்தார். அறிஞர்க்கு உரியது பாமரர்க்கு விளங்காது என்ற எண்ணத்தை அவர் ஏற்கவே இல்லை.

கடலுக்குள் ஒரு கண்

இன்று முதுகில் காற்றுப் புட்டியைக் கட்டிக்கொண்டு, வழிகாட்டியுடன் கடலுக்குள் இறங்கலாம். அவர் கைகாட்டும் இடத்தில், புல்லோடு புல்லாக ஒட்டியிருக்கும் விரலளவு உயிரினத்தைப் படமெடுத்துத் திரும்பலாம். பென்லவேயின் காலம் அப்படிப்பட்டதன்று. லூயி பூட்டான் என்ற பிரெஞ்சு உயிரியலறிஞர் 1893-ல் கடலுக்கடியில் ஒளிப்படம் எடுத்துக் காட்டியிருந்தார். ஆனால் கடலடியில் ஓடும் படம் எடுப்பது அரிதினும் அரிய செயலாகவே இருந்தது.

1930-களின் நடுப்பகுதியில், பிரான்சின் தென்மேற்கே உள்ள ஆர்க்காஷோன் விரிகுடாவில் பென்லவே இறங்கினார். நீர் புகாத பெட்டிக்குள் சிறியதொரு படக்கருவி. அதில் அடங்கிய சுருள் சில வினாடிகளுக்கே போதும். தீர்ந்ததும் மேலே வந்து வேறு சுருள் மாட்டிக்கொண்டு மீண்டும் இறங்க வேண்டும். மூச்சுக்காற்றோ படகிலிருந்து குழாய் வழியே வர வேண்டும். ஒருமுறை காற்று நின்றுவிட, உயிர் தப்பினால் போதுமென மேலே வந்து பார்த்தாராம். காற்றடிக்கும் இருவரும் வேலையை மறந்து தமக்குள் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்களாம்!

கடலில் எடுக்க முடியாத காட்சிகளைக் கண்ணாடித் தொட்டியில் எடுத்தார். கடற்குதிரை குஞ்சு ஈனும் நேரம் யாருக்கும் தெரியாது. இமைப்பொழுது அயர்ந்தாலும் அரிய காட்சி கைநழுவிப் போகும். எனவே, தூக்கத்தில் தலை சாய்ந்தால் சிறிய மின்னதிர்ச்சி தந்து எழுப்பும் கருவி ஒன்றைத் தம் தொப்பியில் பொருத்திக்கொண்டார் என்பர்.

அவ்வளவு பாடுபட்டுக் கண்டது என்ன? கடற்குதிரையினத்தில் பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பைக்குள் இட்டுவிடுகிறது. அவற்றைச் சுமந்து காப்பது ஆண். உடலை வளைத்து நெளித்து வேதனையோடு குஞ்சுகளை வெளித்தள்ளுவதும் ஆண்தான். நூல்களில் படித்த செய்தியை மக்கள் திரையரங்கில் கண்ணாரக் கண்டார்கள். பேறு என்பது தாய்க்கு மட்டுமே உரிய சுமை என்று எண்ணிப் பழகிய உலகிற்கு அப்படம் ஒரு புதிய பாடம். தாயின் முகத்தை அறியாமல் வளர்ந்த ஒருவர், குஞ்சு சுமக்கும் தந்தையை உலகிற்குக் காட்டினார் என்பதை நினைக்கும்போது நம் நெஞ்சம் நெகிழ்கிறது. தரியுஸ் மில்லோ என்னும் பெரிய இசையமைப்பாளர் இசையமைத்த அப்படம் பெருவெற்றி கண்டது. கடற்குதிரை வடிவ நகைகளும் விற்பனைக்கு வந்தன.

1935-ல் ஈவ் லெ பிரியர் என்ற கடற்படை அதிகாரியுடன் சேர்ந்து கடலில் மூழ்குவோருக்கென ஒரு சங்கத்தைப் பென்லவே அமைத்தார். படகின் குழாயை நம்பாமல், உடலோடு எடுத்துச் செல்லும் காற்றுப் புட்டியைக் கொண்டு மூழ்கும் கருவியை உருவாக்கியவர் லெ பிரியர். குஸ்தோ, கான்யான் ஆகிய இருவரின் புகழ்பெற்ற மூச்சுக் கருவி தோன்றியது 1943-ல்தான்.

முதுமையிலும் தளராத கை

அறுபது வயதைக் கடந்த பின்னும் அவர் ஓயவில்லை. ஆமோன் அம்மையாருடன் சேர்ந்து எண்காலியின் வாழ்வைப் பற்றி எடுத்த படம் 1967-ல் வெளிவந்தது. கடல் நத்தையினத்தைச் சேர்ந்த ஒரு சிற்றுயிர் நீரில் நடனமாடுவது போல் நீந்தும் படம் 1972-ல் வந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட படங்களை உலகிற்கு அளித்துவிட்டு, 1989-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பாரிஸில் கண் மூடினார்.

நாம் பெறும் பாடம்

திமிங்கிலத்தைத் தேடிச் செல்வோர் பலர். விரலளவு உயிரின் முன்னே இரவெல்லாம் காத்திருப்போர் சிலரே. கற்றவர் அவையில் கேட்ட ஏளனத்திற்குப் பென்லவே வாதத்தால் விடை சொல்லவில்லை. பொறுமையாலும் உழைப்பாலும் விடை சொன்னார். விளையாட்டு என்று ஒதுக்கப்பட்ட கருவியே உயிரியலின் கண்ணாக மாறியது.

நம் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்குதிரைகள் வாழ்கின்றன. 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அவற்றை நம் அரசு சேர்த்தது. சட்டம் ஓர் உயிரைக் காக்கலாம்; அதை நேசிக்க வைப்பதோ அதை அறிந்தவரின் வேலை. நண்பர்களே, அடுத்த முறை அந்தப் புட்டியின் முன் நிற்கும்போது, மணி அடித்த பிறகும் ஒரு கணம் கூடுதலாக நின்று பாருங்கள். அந்த வயிற்றுப் பையைப் பாருங்கள். அதற்காகத் தூக்கத்தைத் துறந்த மனிதர் ஒருவர் இருந்தார் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.