தகுதி கேளாத அருள்: சீகன்பால்கு ஐயர் வாழ்வும் நமக்குள்ள கடமையும்

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மலரில், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்த ஒரு ஜெர்மானியரின் வரலாற்றை ஏன் எழுதுகிறோம் என்று நம் இளைஞர் சிலர் வினவக்கூடும். நம் கழகத்தில் கிறிஸ்தவரும் உளர். நந்தனார் வழி நிற்போரும் உளர். இரு சாராரும் அறிய வேண்டிய உண்மை ஒன்று அவ்வரலாற்றில் அடங்கியிருப்பதால் எழுதுகிறோம். மனிதன் மீட்படைவது அவனுடைய செயல்களின் தகுதியாலன்று, விசுவாசத்தினால், கடவுளின் கிருபையினாலேயே என்பது அவர் கொண்டுவந்த செய்தி. அந்தச் செய்தியின் முழுப் பொருளையும் அதனை ஏற்றுக்கொண்ட சபையே நெடுங்காலம் உணரவில்லை. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் சிந்திக்க வேண்டும்.

பர்த்தலோமேயு சீகன்பால்கு 1682-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஜெர்மனியின் சாக்சனி நாட்டிலுள்ள புல்ஸ்னிட்சு என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார், தந்தையையும் இழந்தார். தாயார் இறக்கும் தறுவாயில் பிள்ளைகளை அருகழைத்து, தாம் அவர்களுக்கென்று வைத்துச் செல்லும் செல்வம் திருமறையின் ஏடுகளில் இருப்பதாகக் கூறினார் என்று அவர் வரலாறு எழுதினோர் குறித்துள்ளனர். அநாதைப் பிள்ளைக்கு அந்த நூலே தாய்வீட்டுச் சொத்தாயிற்று. உடல்நலம் குன்றியவராதலின் அவருடைய கல்வி அடிக்கடி தடைப்பட்டது. எனினும் ஹாலே நகரம் சென்று, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் அநாதை இல்லமும் நிறுவிய ஆகஸ்டு ஹெர்மன் பிராங்கே என்னும் பேராசிரியரிடம் பயின்றார்.

ஹாலேயில் அவர் கற்ற சமயக் கொள்கை மார்ட்டின் லூத்தர் வழி வந்தது. 1517-இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து எழுந்த லூத்தர், கடவுளின் மன்னிப்பைப் பணத்தாலும் நோன்பாலும் திருப்பயணத்தாலும் விலைக்கு வாங்க இயலாது என்று போதித்தார். கிருபை இலவசம், அதை ஏந்திப் பெறும் வெறுங்கையே விசுவாசம். அப்படியாயின் நற்செயல் வேண்டாவோ எனின், வேண்டும். நற்செயல் மீட்புக்குக் கொடுக்கும் விலையன்று. மீட்படைந்தவன் வாழ்வில் விளையும் பயன். மழைக்கு நிலம் விலை கொடுப்பதில்லை. ஆனால் மழை பெற்ற நிலம் விளையாமலும் இராது.

டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக், தம் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடிக்கு நற்செய்தியாளரை அனுப்ப விரும்பினார். சீகன்பால்குவும் அவர் நண்பர் ஹென்றி புளுட்சோவும் தெரிந்தெடுக்கப்பட்டனர். 1705 நவம்பரில் கப்பலேறிய இருவரும் 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் கரையிறங்கினர். அரசரின் ஆணை பெற்று வந்தவர்களை அங்கிருந்த டேனிய அதிகாரிகள் வரவேற்கவில்லை. இருபத்துநான்கு வயது நிறைவதற்கு ஒரு நாளே இருந்த அவ்விளைஞர் அயல்மண்ணில் இவ்வாறே தம் பணியைத் தொடங்கினார்.

அவர் முதலில் செய்தது கற்றலே. திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் தமிழெழுத்து எழுதிப் பழகினார். இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் தேடித் திரட்டி, அவற்றுக்கு விளக்கப் பட்டியல் ஒன்றும் எழுதினார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். கற்பிக்க வந்தவர் முதலில் மாணவரானார் என்பதை நம் இளைஞர் மனத்திற்கொள்ள வேண்டும்.

1707 மே திங்களில் அவர் திருமுழுக்குக் கொடுத்த முதல் ஐவரும் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாய் இருந்தவர்கள். தம் உடலும் தமக்குச் சொந்தமில்லாத அவர்கள் கடவுளுக்குக் கொடுக்க என்ன வைத்திருந்தனர்? பொன்னில்லை, புகழில்லை, குலப்பெருமையில்லை. வெறுங்கையே இருந்தது. கிருபைக்கு அதுவே போதும் என்ற கொள்கை அன்று நடைமுறையாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு திங்களில் தரங்கம்பாடியில் எருசலேம் ஆலயம் எழுந்தது.

எதிர்ப்பும் எழுந்தது. ஆளுநரின் சினத்துக்கு ஆளாகிய சீகன்பால்கு 1708 நவம்பர் முதல் 1709 மார்ச்சு வரை நான்கு திங்கள் டேன்சுபோர்க்குக் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். விடுதலையாகி வந்தபின் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து, 1711 மார்ச்சில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை முடித்தார். இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியும் ஹாலேயிலிருந்து தமிழெழுத்துக்களும் வந்து சேர்ந்தன. எழுத்துக்கள் பருத்தனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே சிறிய எழுத்துக்கள் இங்கேயே வார்க்கப்பட்டன. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் நிறைவுற்றது.

அச்சும் பள்ளியும் ஏன் வந்தன என்பதை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். விசுவாசத்தால் மீட்பு எனில், ஒவ்வொருவரும் அந்தச் செய்தியைத் தாமே அறிய வேண்டும். தாமே அறிய வேண்டுமெனில் படிக்கத் தெரியவேண்டும். ஆதலின் கிருபையைப் போதித்தவர் பள்ளிக்கூடம் கட்டாதிருக்க இயலவில்லை. ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமன்றிப் பெண்பிள்ளைகளுக்கும் அவர் தொடக்கத்திலேயே பள்ளி ஏற்படுத்தினார். நம் பகுதிக்கும் அப்பணி வந்தது. ஆங்கிலேயரின் தாவீது கோட்டையை அடுத்த கடலூரில் 1717-இல் அவர் முயற்சியால் அறப்பள்ளி தொடங்கப்பட்டது. அறிவைப் பெறுதற்குப் பிறப்புரிமை கேட்ட நாட்டில், அறிவு அனைவர்க்கும் கடமை என்னும் கொள்கை கடலூர் மண்ணில் அன்று கால்வைத்தது.

அடுத்த ஆண்டிலேயே, கடலூரிற் பிறந்த வேளாளர் குலத்து ஆறுமுகம் என்பார், சீகன்பால்குவிடம் திருமுழுக்குப் பெற்று ஆரோன் என்னும் பெயர் பூண்டார். அதே 1718-இல் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயம் நேர்ந்தளிக்கப்பட்டது. ஓயா உழைப்பினாலும் மேலிடத்து மனவேறுபாடுகளினாலும் நலிந்த சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23-ஆம் நாள் தம் முப்பத்தாறாம் வயதில் உயிர்நீத்து, அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

வரலாற்றை இத்துடன் முடித்தால் பாதி உண்மையே சொன்னவராவோம். கடலூர் ஆரோன் 1733 டிசம்பரில் குருத்துவம் பெற்றார். லூத்தரன் சபையில் இந்தியருள் முதற்குரு அவரே. அதே காலத்தில் இராசநாயக்கன் என்னும் ஊழியரும் இருந்தார். அவர் நம் ஆதிதிராவிட மரபினர், தஞ்சையில் போர்ச்சேவகராயிருந்தவர். சீகன்பால்குவின் அச்சுக்கூடத்திலிருந்து வந்த நற்செய்தி நூலைப் படித்தே இச்சபையை நாடிவந்தார். வேதியராய்த் தஞ்சைப் பகுதியில் அடியும் பழியும் தாங்கி உழைத்தார். 1741-இல் இரண்டாம் குருவைத் தெரிந்தெடுக்க நேர்ந்தபோது அவர் பெயரும் எண்ணப்பட்டது. ஆனால் அவர் கையால் திருவிருந்து பெற உயர்குலக் கிறிஸ்தவர் உடன்படார் என்று அஞ்சி வேறொருவர்க்கே குருத்துவம் அளிக்கப்பட்டது. ஆலயத்தினுள்ளும் குலத்திற்கேற்பத் தனித்தனி இருக்கைகள் இருந்தன. இந்த வேறுபாட்டை நீக்குமாறு ஆங்கிலத் திருச்சபைப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் ஆணையிட்டபோதும், அதனை ஏற்க மறுத்துப் பலர் சபையைவிட்டு நீங்கினர்.

இதன் பொருள் யாது? மீட்புக்குத் தகுதி தேவையில்லை என்று வாயால் அறிக்கையிட்டவர்கள், அதே ஆலயத்தில் பாயில் அமர்வதற்குத் தகுதி கேட்டனர். விலையின்றிப் பெற்ற அருளுக்குத் தாங்கள் விலை வைத்தனர். சம்பாதித்துப் பெற்றதாயின் மிகுதியாய்ச் சம்பாதித்தவன் மேலென்று சொல்லலாம். கொடையாய்ப் பெற்றதில் மேலேது, கீழேது? பிறப்பைப் பாராட்டுவதும் செயலால் மீட்பு என்பதைப் போன்றதே, அதனினும் தாழ்ந்ததே. செயலையாவது ஒருவன் தானே செய்கிறான். பிறப்பில் அவன் செய்தது ஒன்றுமில்லை.

இக்கேள்வி கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியதன்று. சிதம்பரத்தை அறிந்த நமக்கு அருள் என்னும் சொல் புதிதன்று. நாளை நாளை என்று தில்லைக்கு ஏங்கிய திருநாளைப்போவார் இறையருளுக்கு உரியவராயிருந்தும், கோயிலுள் செல்லுமுன் தீயில் மூழ்கி எழுந்தார் என்று பெரியபுராணம் கூறும். அழைத்தவன் இறைவன், ஆயினும் வழியில் நெருப்பு இருந்தது. தரங்கம்பாடியில் நெருப்பு இல்லை, தனிப்பாய் இருந்தது. தீயோ பாயோ, அருளுக்கும் அடியார்க்கும் நடுவே மனிதர் இட்ட தடை ஒன்றே.

அத்தடையைப் பள்ளிக்கூடத்தால் தகர்க்க முனைந்தவர் சுவாமி சகஜானந்தர். 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் கண்டு நம் பிள்ளைகளுக்கு ஏடு கொடுத்தார். சமயத்தால் அவரும் சீகன்பால்குவும் வேறானவர்கள். ஆயினும் அருளை நம்பியவர்கள் அரிச்சுவடியைக் கையில் எடுத்தனர் என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

இளைஞர்களே, இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் நமக்குக் கொடுத்த கல்வியும் ஒருவகையில் கொடையே. பெயர் தெரியாத பலர் பிடியரிசியாகவும் சில்லறைக் காசாகவும் அளித்ததே நம் கையில் புத்தகமாயிற்று. நம்மிற் சிலர் இன்று பட்டம் பெற்றுப் பதவியில் இருக்கிறோம். அதனைத் தம் தகுதி என்று எண்ணி, சேரியில் இன்னும் படிக்க வழியின்றி நிற்கும் பிள்ளையைக் கீழாகப் பார்ப்போமாயின், இராசநாயக்கனைத் தள்ளிவைத்தவர்களின் பாயிலேயே நாமும் அமர்ந்தவர்களாவோம். கொடையாய்ப் பெற்றோம், கொடையாய்க் கொடுப்போம். நம் பள்ளியின் பலகையில் யாருக்கும் தனியிடம் இல்லாதிருக்கட்டும். சீகன்பால்கு ஐயர் மணலில் எழுதிய எழுத்து அலையில் அழியாமல் அச்சேறியதுபோல, நாம் கற்ற எழுத்தும் அடுத்த தலைமுறையின் கையில் சென்று சேரட்டும்.